சிங்கப்பூர்க் காவற்படை: மொழியறிந்த காவலே காவல்

பிழைப்பை நாடி வேற்றூர் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் யாவரும் ஒரு முறையேனும் அஞ்சியிருக்கக்கூடிய நிலை ஒன்று உண்டு. இரவில் வீட்டிலே களவு போய்விடுகிறது. அல்லது வெளியே சென்ற பிள்ளை திரும்பி வரவில்லை. பதறிப்போய்க் காவல் நிலையத்திற்கு ஓடுகிறோம். அங்கே நம் குறையை எந்த மொழியில் எடுத்துரைப்பது? நாம் கூறுவதைக் கேட்பவர் முழுவதும் விளங்கிக்கொள்வாரா? அவர் எழுதிக்கொள்வது நாம் சொன்னதுதானா? காவல் என்பது தடியையும் துப்பாக்கியையும் மட்டும் பொறுத்ததன்று, மொழியையும் பொறுத்தது என்பதைப் புலம்பெயர்ந்தோர் அனுபவத்தால் அறிவர்.

இவ்வுண்மையை இரு நூற்றாண்டுக் காலம் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்ட ஒரு தீவு நாடு சிங்கப்பூர். சீனர், மலாய்க்காரர், தமிழர் எனப் பல இனத்தார் குடியேறிய அத்தீவில் காவற்படை எவ்வாறு தோன்றி, எவ்வாறு வளர்ந்து, இன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். அங்கே மலாய் மொழியில் போலீஸ்காரரை மக்கள் ‘மாத்தா’ என்று அழைப்பர். கண் என்பது அதன் பொருள். கண் மட்டும் இருந்தால் போதுமா, செவியும் நாவும் வேண்டாவா என்பதே அப்படையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வரும் வினாவாகும்.

பன்னிருவர் படை

1819-ஆம் ஆண்டு ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக நிலையத்தை நிறுவினார். அதனை ஆளும் பொறுப்பு வில்லியம் பார்க்குவார் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள்ளேயே வணிகரும் மாலுமிகளும் கூலிகளும் வந்து குவிந்தனர். களவும் கொலையும் உடன் வந்தன. 1820-இல் பார்க்குவார் தம் மருமகன் பிரான்சிஸ் பெர்னார்டு என்பவரைத் தலைவராக்கிப் பன்னிருவர் கொண்ட ஒரு சிறு படையை அமைத்தார். அதற்கு ஒதுக்கிய தொகை மாதம் 300 டாலர். அபின், சாராயம் முதலியவற்றின் குத்தகைப் பணமே அதற்கு ஆதாரம். தீமையிலிருந்து வரும் வருவாயைக்கொண்டு தீமையை அடக்க முயன்ற விந்தையை என்னென்பது!

பன்னிருவரால் ஊர் முழுவதையும் காத்தல் இயலுமா? 1823-இல் பார்க்குவாரே கத்தியால் குத்தப்பட்டுத் தப்பிப் பிழைத்தார் என்றால் மற்றவர் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஆகவே ஆட்சியாளர் ஒவ்வோர் இனத்தாரின் வழக்குகளையும் அவ்வவ்வினத்துப் பெரியவரிடமே விட்டனர். பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் வந்த தமிழர் நாராயண பிள்ளை சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரின் தலைவராக நியமிக்கப்பட்டு, அவர்களுடைய பிணக்குகளைத் தீர்த்து வைத்தார். 1827-இல் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. சட்டப் புத்தகம் அறியாத அந்நாளில், தம் மொழியில் தம் வழக்கைக் கேட்க ஒருவர் இருந்தது நம்மவருக்குப் பெரும் ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்கத்தாவிலிருந்து வந்த சட்டம்

சிங்கப்பூர் 1867 வரையில் இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்ததைப் பலர் மறந்துவிட்டனர். 1856-இல் கல்கத்தாவில் இயற்றப்பட்ட போலீஸ் சட்டம் ஒன்று, கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களோடு பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றிற்கும் சேர்த்தே எழுதப்பட்டது. பின்னர் ஆட்சி லண்டனுக்கு மாறிய போதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அச்சிலேயே அங்குத் தண்டனைச் சட்டம் வகுக்கப்பட்டது. மோசடிக்காரனை நாம் ‘நானூற்றிருபது’ என்போம் அல்லவா? சிங்கப்பூரிலும் ஏமாற்றுக் குற்றத்திற்கு உரிய பிரிவு 420-தான். இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்து அந்த எண் மறைந்துவிட்டது. கடல் கடந்த தீவிலோ அது நிலைத்திருக்கிறது.

அக்காலக் காவலருள் பெரும்பாலோர் மலாய்க்காரரும் தென்னிந்தியருமாவர். 1843-இல் பொறுப்பேற்று, 1857-இல் முதல் போலீஸ் கமிஷனராக உயர்ந்த தாமஸ் டன்மன் என்பவர் படையைச் சீர்திருத்தினார். காவலரின் சம்பளத்தையும் பணி நேரத்தையும் ஒழுங்குபடுத்தி, எழுதப் படிக்க அறியாதாருக்கு மாலை வகுப்புகளும் நடத்தினார். ஆயினும் ஒரு பெருங்குறை எஞ்சி நின்றது. நகரில் மிகுதியாக வாழ்ந்தோர் சீனர்; காவற்படையிலோ சீனர் இல்லை. அவர்தம் மொழி அறிந்த அதிகாரியும் இல்லை.

மொழியறியாமையின் விலை

1854 மே மாதத்தில், அரிசி விற்பனையில் எழுந்த ஒரு சிறு சச்சரவு, ஹொக்கியன் சீனருக்கும் தியோச்சியூ சீனருக்கும் இடையே பெருங்கலகமாக மூண்டது. பத்து நாட்களுக்கு மேல் நீடித்த அக்கலகத்தில் சுமார் 400 பேர் மாண்டனர். உள்ளே புகைந்துகொண்டிருந்த பகையை முன்னரே அறிந்து தணிக்கக் காவற்படைக்கு வழியில்லை. சந்தையிலும் சத்திரத்திலும் மக்கள் பேசிக்கொண்டதைக் கேட்டறியும் செவி அதற்கில்லை.

1857 ஜனவரியில் மற்றொரு நிகழ்ச்சி. மேலே கூறிய போலீஸ் சட்டமும் நகரசபைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தபோது சீன வணிகர் தம் கடைகளை அடைத்து எதிர்ப்புக் காட்டினர். சட்டங்களின் பொருள் மக்களுக்கு அவர்தம் மொழியில் உரியவாறு விளக்கப்படாமையால் வதந்திகள் பரவியதே அதற்குப் பெருங்காரணமாயிற்று.

இந்நிலையில் 1877-இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் பிக்கரிங். சீன மொழிகளைப் பேசவும் படிக்கவும் வல்லவர் என்பதே அவர்க்கிருந்த தனிச்சிறப்பு. கப்பலில் வந்திறங்கும் கூலிகளையும், ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட பெண்களையும் அவர் நேரே விசாரித்தார். இரகசியச் சங்கங்களைப் பதிவு செய்தார். ஆயிரம் தடிகளால் ஆகாதது அம்மனிதரின் நாவால் ஓரளவு ஆயிற்று. அதனாலேயே பகைவரும் மிகுந்தனர். 1887-இல் ஒருவன் அவர்மீது கோடரியை எறிந்து காயப்படுத்தினான். பின்னர் 1889-இல் இயற்றிய சட்டத்தால் இரகசியச் சங்கங்கள் தடை செய்யப்பட்டன.

பஞ்சாபியரும் கூர்க்கரும்

ஆட்சியாளர் மற்றொரு வழியையும் கையாண்டனர். எந்த இனத்தாரோடும் உறவோ பகையோ இல்லாத வெளியாரைக் கொண்டுவந்தால் அவர்கள் பாரபட்சமின்றி நடப்பர் என்பது அவர்கள் எண்ணம். 1881-இல் பஞ்சாபிலிருந்து 54 சீக்கியர் வந்து சேர்ந்தனர். நெடிய உருவமும் தலைப்பாகையும் கொண்ட சீக்கியக் காவலர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நகரின் காட்சிகளுள் ஒன்றாக விளங்கினர். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக்குப் பின் அப்பிரிவு கலைந்தது. 1949-இல் நேபாளத்துக் கூர்க்கர் படைப்பிரிவு அதனிடத்தைப் பெற்றது. அது இன்றும் உள்ளது. பணி முடிந்தபின் கூர்க்கர் தம் குடும்பத்தோடு நேபாளத்திற்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. ஒரு நாட்டை ஆயுள் முழுவதும் காத்தும் அந்நாட்டாராக ஆகமுடியாத அவர்கள் நிலை, வேற்றூரில் உழைப்போர் மனத்தைத் தொடாமற் போகாது.

வெளியாரின் நடுநிலை மதிப்பு வாய்ந்ததே. எனினும் வெளியாரால் கலகத்தை அடக்க முடியுமேயன்றி, அது மூளும் முன்னரே மக்களின் மனநிலையை அறிதல் அரிது.

நம்பிக்கை குலைந்த நாட்கள்

1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்னும் டச்சுச் சிறுமியைப் பற்றிய வழக்கு சிங்கப்பூரை உலுக்கியது. போர்க்காலத்தில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் வளர்ந்த அச்சிறுமியைப் பெற்றோரிடம் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவளை ஒரு கிறிஸ்தவ மடத்தில் தங்கவைத்ததும், அங்கு எடுத்த படங்கள் செய்தித்தாள்களில் வெளியானதும் முஸ்லிம் மக்களைப் புண்படுத்தின. கலகம் மூண்டது, 18 பேர் மாண்டனர், 173 பேர் காயமுற்றனர். காவற்படையிலிருந்த மலாய்க்காரர் பலர் கூட்டத்தாரிடம் இரக்கம் கொண்டு வாளாவிருந்தனர். மேலதிகாரிகளோ கூர்க்கரைத் தக்க சமயத்தில் பயன்படுத்தவில்லை. பின்னர் நடந்த விசாரணை, படையின் தலைமையைக் கடுமையாகக் குறைகூறியது. அதன் பயனாக 1952-இல் கலகம் அடக்கும் தனிப்பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் சிவப்பு வண்டிகளைக் கண்டு மக்கள் அதற்குச் ‘செவ்வண்டி’ என்னும் பொருள்படச் சீன மொழியில் ‘ஆங் சியா’ எனப் பெயரிட்டனர்.

அடுத்து 1951-இல் வேறொரு தலைகுனிவு. கொள்ளையிடப்பட்ட பெருந்தொகை அபினில் போலீஸ் துப்பறிவோர் சிலருக்கும் பங்குண்டு என்பது வெளிப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் காப்பவர் யார்? லஞ்ச ஒழிப்பு வேலை அதுவரை போலீஸின் கையிலேயே இருந்தது. 1952-இல் அதனைப் பிரித்துத் தனி அமைப்பிடம் கொடுத்தனர். இன்றும் அவ்வமைப்பு காவற்படையின் கீழ் இல்லை. பிரதமர் அலுவலகத்தைச் சார்ந்து நிற்கிறது. காவலரைக் காப்பதற்கும் ஒருவர் வேண்டும் என்னும் பாடத்தை அந்நாடு அன்றே கற்றுக்கொண்டது.

சொந்த நாட்டார் கையில்

1963-இல் ஜான் லெ கேன் என்பவர் அம்மண்ணைச் சேர்ந்த முதல் கமிஷனரானார். மறு ஆண்டே அவருக்குக் கடுஞ்சோதனை வந்தது. 1964 ஜூலையில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே எழுந்த கலகத்தில் 23 பேரும், செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது 13 பேரும் உயிரிழந்தனர். 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. 1969-இல் காவலரின் காக்கி உடை கருநீலமாக மாறியது. தேசிய சேவை என்னும் கட்டாயப் பணித் திட்டத்தின்படி இளைஞர் பலர் இராணுவத்திற்குச் செல்வதுபோலவே காவற்படைக்கும் செல்லலாயினர். தையற்காரர் மகனும் வணிகர் மகனும் சில காலம் காவலராக இருந்து வீடு திரும்பும்போது, காவலரைப் பற்றிய அச்சம் அவ்வீட்டில் சிறிது குறைவது இயல்பே.

அடுக்குமாடியின் அடியில் காவல்

இவற்றினும் பெரிய மாற்றம் 1983-இல் நிகழ்ந்தது. ஜப்பானில் ‘கோபான்’ எனப்படும் சிறு காவற்சாவடிகள் தெருத்தோறும் உள்ளன. அங்குள்ள காவலர் சுற்றுப்புறத்து வீடுகளுக்குச் சென்று மக்களோடு பழகுவர். வழி கேட்போர்க்கு வழி காட்டுவர். தொலைந்த பொருளைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பர். இம்முறையை ஆராய்ந்து, 1983 ஜூனில் தோ பாயோ வட்டாரத்தில் அக்கம்பக்கக் காவற்சாவடிகள் எட்டினைச் சிங்கப்பூர் தொடங்கியது.

அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர். அக்கட்டடங்களின் கீழ்த்தளத்திலேயே சாவடிகள் அமைந்தன. காய்கறி வாங்கி வரும் தாய்மாரும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் நாள்தோறும் காவலரைக் கண்டனர். காவலரும் எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எங்கே அண்டை வீட்டார் பிணங்கியுள்ளனர் என்பன போன்ற செய்திகளை அறிந்தனர். மலாயும் சீனமும் தமிழும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில், கண்ணாக மட்டும் இருந்த காவலர் செவியும் நாவும் பெற்றது அப்பொழுதுதான் எனலாம். 1997 முதல் இச்சாவடிகளுக்கு மேலாக அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் அமைந்து, விசாரணை முதலிய பெரும் பணிகளையும் ஏற்றன.

இன்றைய அமைப்பு

காவற்படை உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. தலைவர் கமிஷனர். மாநிலத்திற்கொரு போலீஸ், மத்திய அரசுக்கு வேறு போலீஸ் என்னும் நம் நாட்டு முறை அங்கில்லை. தீவு முழுவதற்கும் ஒரே படை. நிலப்பகுதி பல கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் உள்ளன. குற்றப்புலனாய்வு, வணிகக் குற்றங்கள், போக்குவரத்து, கடலோரக் காவல், விமான நிலையம், 2009-இல் ஏற்பட்ட பொதுப் போக்குவரத்துப் பாதுகாப்பு, கலகம் அடக்கும் சிறப்புப் பிரிவு, கூர்க்கர் பிரிவு எனத் தனித்தனித் துறைகளும் உண்டு. பெண்கள் 1949 முதலே படையில் சேர்ந்துள்ளனர். உதவி வேண்டுவோர் சுழற்ற வேண்டிய எண் 999.

போதைப்பொருள் தடுப்பும் உள்நாட்டுப் பாதுகாப்பும் வேறு அமைப்புகளின் பொறுப்பு. நீதிமன்ற விசாரணையின்றி ஒருவரைக் காவலில் வைக்க இடந்தரும் சட்டங்கள் அங்கு இன்றும் உள்ளன. அமைதிக்கு அவை இன்றியமையாதன என்று அரசினர் கூறுவர். தனிமனிதர் உரிமைக்கு இடையூறு என்று மறுப்போரும் உளர். குற்றம் குறைந்த நாடு என்று புகழ்கையில் இதனையும் சேர்த்தே எண்ணுதல் நேர்மையாகும்.

தேக்காவில் ஓர் இரவு

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வார ஓய்வு நாளில் நம் நாட்டுத் தொழிலாளர் கூடும் லிட்டில் இந்தியா பகுதியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி மாண்டார். மீட்புப் பணியினர் வந்தனர், காவலரும் வந்தனர். கூட்டத்தாரின் சினம் பேருந்தின் ஓட்டுநர்மீதும் அதில் பணியாற்றிய பெண்மணிமீதும் திரும்பவே, காவலர் அவ்விருவரையும் காத்து வெளியேற்றினர். அதனைக் கண்டோர், அடிபட்டவரை விட்டுவிட்டு மற்றவரைக் காப்பாற்றுகின்றனர் எனப் பிழைபட உணர்ந்தனர். கல்லெறி தொடங்கிற்று. சுமார் இரண்டு மணி நேரம் நீடித்த கலகத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஊர்திகள் சேதமுற்றன. 5 ஊர்திகள் தீக்கிரையாயின. காவலர் துப்பாக்கியால் சுடவில்லை. கலகத்தால் உயிர்ச்சேதமும் இல்லை. 1969-க்குப் பின் அத்தீவு அத்தகைய கலகத்தைக் கண்டதில்லை.

2014-இல் விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. விபத்தும், மீட்புப் பணியைப் பற்றிய தவறான எண்ணமும், மதுவும் காரணங்கள் என்று அது கூறியது. 25 பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் அவர்களை அனுப்பியது முறையா என்று உரிமைக் குழுக்கள் வினவின. பொது இடங்களில் இரவு 10.30-க்கு மேல் மது அருந்தத் தடை விதிக்கும் சட்டம் 2015-இல் வந்தது.

தவறான எண்ணம் என்னும் சொல்லில் நம் சிந்தனை நிற்கிறது. அடுக்குமாடிக் குடிமக்களோடு முப்பது ஆண்டுகள் பழகிய காவலர், தொலைவிலுள்ள விடுதிகளில் தங்கி ஞாயிறுதோறும் மட்டும் வந்து செல்லும் தொழிலாளரோடு அவ்வாறு பழகியிருந்தனரா? ‘அவரை மீட்கத்தான் முயல்கிறோம், சற்றே விலகி நில்லுங்கள்’ என்று தமிழில் உரத்துக் கூறும் குரல் தொடக்கத்திலேயே எல்லார் செவியிலும் விழுந்திருந்தால் அந்த இரவு வேறு வகையாக முடிந்திருக்குமோ? இவ்வாறு எண்ணாமல் இருக்க இயலவில்லை. எனினும் கல்லெறிந்தது தகாத செயல் என்பதில் ஐயமில்லை. அதன் பழியைக் கல்லெறியாத ஆயிரக்கணக்கான நம்மவரும் சுமக்க நேர்ந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இன்று அந்நாட்டில் கண்கள் பெருகிவிட்டன. 2012 முதல் நிறுவப்பட்ட போலீஸ் காமிராக்கள் 2021-இல் 90,000-ஐத் தாண்டின. பல குற்றங்களைத் துலக்க அவை உதவுகின்றன. ஆனால் காமிரா காணும். கேட்டு ஆறுதல் கூறாது.

நம் குடும்பங்களுள் பலவற்றில் ஒருவரேனும் சிங்கப்பூரில் வேலை பார்க்கலாம். அவர்களுக்கு நாம் எழுத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. போலீஸார் பதிவு செய்யும் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு ஆங்கிலம் தெரியாவிடில், அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்த பின்னரே அவரிடம் கையொப்பம் பெறவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விளங்காத தாளில் வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ கையொப்பமிடுதல் கூடாது. தமிழில் விளக்குமாறு கேட்பது பணிவுக்குறைவன்று, உரிமையாகும்.

வேறு மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் படிப்பினை உண்டு. நம் தெருவுக்குரிய காவல் நிலையம் எது, அதன் தொலைபேசி எண் யாது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்திருக்கின்றனரா? ஒரு முறையீட்டைக் கூறும் அளவுக்கேனும் இவ்வூர் மொழியை நாம் கற்றிருக்கிறோமா? புதிதாக வந்த தமிழர் ஒருவர் காவல் நிலைய வாயிலில் மொழி தெரியாமல் திகைத்து நின்றால் உடன் செல்ல நம்முள் யார் முன்வருவோம்? இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாராயண பிள்ளை ஒருவராக நின்று செய்த பணியை, சங்கமாகக் கூடியுள்ள நாம் பலராக நின்று செய்தல் அரிதன்று. காவலர் நம் மொழியைக் கற்கும் வரை காத்திராமல், அவர்க்கும் நம்மவர்க்கும் இடையே நாவாக நிற்க நாமே முன்வருவோமாக.